பொம்மைக்கு மச்சான் கிடையாது

போன மாதம் நர்ஸிங் பிள்ளைகளுக்கு முதலுதவிப் பயிற்சி நடந்தபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை இப்படி அவ்வப்போது கூப்பிட்டு, சால்வை போர்த்தி, காபி கொடுத்து, நாலு வார்த்தை பேசச் சொல்வது வழக்கம்தானே. நானும் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். கூடத்தின் நடுவில் ஒரு பொம்மை மல்லாந்து படுத்திருந்தது. நெஞ்சைச் சரியாக அமுக்கினால் அதன் தோளில் பச்சை விளக்கு எரியுமாம். தப்பாக அமுக்கினால் சிவப்பு. எந்த வேகத்தில் அமுக்க வேண்டும் என்பதையும் அதுவே டிக் டிக்கென்று சத்தம் போட்டுச் சொல்கிறது. எங்கள் காலத்தில் இதில் கால்வாசி வசதிகூட இல்லை என்று பொறாமையாகத்தான் இருந்தது.

பயிற்சி முடியும் நேரம். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "சிஸ்டர், அமுக்குறத எப்போ நிறுத்தணும்?" என்று கேட்டாள். பயிற்சியாளரிடம் அதற்கு அச்சடித்த பதில் உண்டு. ஆனால் அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். பொம்மையைப் பார்த்தேன். "முதல்ல நீ ஒண்ணு சொல்லு. இந்தப் பொம்மைக்கு மச்சான் யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

கூடமே சிரித்தது. கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார் பயிற்சியாளர். மைக்கை நயமாக வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார். காபி நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அந்தப் பிள்ளை நல்ல கேள்வி கேட்டாள், நான் கேட்டதும் கிறுக்குக் கேள்வி இல்லை. அதை விளங்கச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். எழுதி முடித்தால் எனக்காவது தெளியுமா என்றால், அதற்கு என்னால் உறுதி கொடுக்க முடியாது.

நான் நாசரேத் பக்கத்துக்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படித்துவிட்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த கையோடு மெட்ராசுக்கு அனுப்பி முதலுதவி படிக்க வைத்தார்கள். முன்பாதியை நடத்தியவர் பழைய ஆள். தண்ணீரில் மூழ்கியவனைக் குப்புறப் போடு, முதுகை அமுக்கு, முழங்கையைப் பிடித்துத் தூக்கு என்றார். பின்பாதியை நடத்தியவர் புது ஆள். மல்லாக்கப் போடு, தலையைப் பின்னால் சாய், மூக்கைப் பொத்து, வாயோடு வாய் வைத்து ஊது என்றார். "எது சார் சரி?" என்று கேட்டோம். "ரெண்டும் பரீட்சையில வரும்" என்றார். அன்றைக்குப் பிடித்த குழப்பம் இது.

பயிற்சிக் கூடத்தில் மின்விசிறி சுழலும். எங்களில் ஒருத்தி பாயில் படுத்து அடிபட்டவளாக நடிப்பாள். சொன்ன இடத்தில்தான் அடிபட்டிருப்பாள், சொன்ன நேரத்தில்தான் மயங்குவாள். வாந்தி எடுக்க மாட்டாள். முக்கியமாக, அவளுக்குச் சொந்தபந்தம் கிடையாது. 'கூட்டத்தை விலக்கவும்' என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். அதைச் செய்து காட்டச் சொன்னால், சுவரைப் பார்த்துக் கையை வீசுவோம். சுவர் ஒன்றும் சொல்லாது.

தூத்துக்குடியில் எந்தக் கூட்டம் விலகியது? துறைமுகத்தில் ஒருத்தன் மயங்கி விழுந்தால் நான் பெட்டியோடு போய்ச் சேருவதற்குள் நாலு பேர் சோடாவோடு நிற்பார்கள். மயக்கத்தில் இருப்பவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று நான் கத்த, "ஒரு மடக்கு உள்ள போனா எந்திச்சிருவான் சிஸ்டர்" என்று அவர்கள் வாதாட, என் உத்தியோகத்தில் பாதி நாள் சோடாவோடு மல்லுக்கட்டியே போயிற்று. வலிப்பு வந்தால் சாவிக்கொத்து. இறுக்கிய கையைப் பிரித்து அதற்குள் இரும்பைத் திணிப்பதற்கு அவ்வளவு பேர் போட்டி போடுவார்கள்.

'அடிபட்டவருக்கு ஆறுதல் சொல்லவும்' என்பது புத்தகத்தின் இன்னொரு வரி. மூட்டைக் கொக்கி தொடையில் ஏறிய ஒருவரிடம், படித்தபடியே முகத்தை மென்மையாக வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க அண்ணாச்சி" என்றேன். அதுவரைக்கும் வெற்றிலை மென்றுகொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்த மனிதர் வெலவெலத்துப் போனார். "என்னம்மா, காலை எடுத்துருவாங்களோ?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊரில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு யாரும் 'பயப்படாதே' என்று சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அதன்பிறகு கட்டுப் போடும்போது, "மத்தியானம் என்ன குழம்பு?" என்று கேட்கப் பழகிக்கொண்டேன். அது நன்றாக வேலை செய்தது.

எங்களுக்கு மேலதிகாரி ஒரு டாக்டர். பட்டாளத்தில் மேஜராக இருந்து வந்தவர் என்பதால் எல்லாரும் மேஜர் டாக்டர் என்போம். குரலை உயர்த்தவே மாட்டார். சட்டை மடிப்புக் கலையாது. அவரிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் உண்டு. மருந்தகத்தில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து எங்களைக் கூப்பிட்டு, "ஒருத்தன் ஏணியில இருந்து விழுந்துட்டான். என்ன செய்வீங்க சிஸ்டர்?" என்பார். சொல்வோம். "அடுத்து?" என்பார். அடுத்ததைச் சொல்வோம். "அடுத்து?" அப்படியே போகும். நாம் திணறும் வரைக்கும் விடமாட்டார். திணறியதும் கோபப்பட மாட்டார், ஏளனமும் செய்ய மாட்டார். "ம். அங்கதான் ஆளு செத்துப் போறான். யோசிச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நாளிதழை விரித்துக்கொள்வார். கொஞ்ச நாளில் கனவிலேயே எனக்கு 'அடுத்து?' கேட்கத் தொடங்கிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதரிடம் வேலை பார்த்ததால்தான் கைநடுக்கம் என்பது எனக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை.

முத்துக் குளிப்பு அதற்கு முன்பே நின்று போயிருந்தது. சங்கு குளிப்பு மட்டும் நடந்துகொண்டிருந்தது. சீசனில் கடற்கரையில் ஒரு முதலுதவிக் கொட்டகை போடுவார்கள். ஒரு வருஷம் அங்கே என்னை உட்கார வைத்தார்கள். காது அடைத்தவன், பாறையில் கீறியவன், மூக்கில் ரத்தம் வந்தவன் என்று வருவார்கள். வள்ளங்கள் மத்தியானத்துக்கு மேல் கரைக்கு வந்து, சங்குகளைக் கொட்டிக் கணக்குக் கொடுத்த பிறகுதான் எனக்கு வேலை. அதுவரைக்கும் கூரையில் காற்று அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அங்கேதான் சவரிமுத்துவும் மிக்கேலும் எனக்குப் பழக்கமானார்கள். சவரிமுத்து கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிப்பவர். மிக்கேல் வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவர். சவரிமுத்துவின் மனைவி ரோசம்மாவுக்கு மிக்கேல் கூடப்பிறந்த அண்ணன். சவரிமுத்து வாய் ஓயாமல் பேசுவார். மிக்கேலுக்கு ஒரு வார்த்தை பேச ஒரு நாள் ஆகும். ஒரு நாள் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போது, "உங்க வள்ளத்துல மட்டுமா மச்சான் கயிறு பிடிக்காரு?" என்று சவரிமுத்துவிடம் கேட்டேன்.

"எங்க கூட்டத்துல எல்லா வள்ளத்துலயும் அப்படித்தான் சிஸ்டர்" என்றார். "கூடப்பிறந்தவன் கையில கயித்தக் குடுக்க முடியுமா? சொத்துல பங்கு மிச்சம்னு விட்டுட்டா? கூட்டாளிய நம்பலாம், ஆனா அவனுக்கு வீட்டு நெனப்பு வந்துரும். மச்சான் விடமாட்டான். விட்டா அவன் தங்கச்சிதான தாலி அறுக்கணும்?" சொல்லிவிட்டு மிக்கேலைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ன மச்சான், நான் சொல்லுதது சரிதான?"

மிக்கேல், "காதை ஆட்டாம இரும் மாப்பிள, மருந்து வெளிய வருது" என்றார். அவ்வளவுதான்.

அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார்கள். கயிற்றின் ஒரு முனை குளிப்பவர் இடுப்பில் இருக்கும். மறுமுனையை மச்சான் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தால், அடுத்த நொடி மேலே தூக்கிவிட வேண்டும். என்ன, ஏது என்று யோசிக்கக் கூடாது. மேலே வந்த ஆள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, மூச்சு வாங்கி, மச்சானின் கையைத் தொடுவார். அந்தத் தொடுதல் கிடைத்த பிறகுதான் சுற்றை அவிழ்ப்பார்கள். அதற்கு முன்னால் கயிற்றை விட்டாலோ அறுத்தாலோ, ஆளைக் கடலுக்குக் கொடுத்த மாதிரி. இதெல்லாம் எனக்கு அன்றைக்குக் கேட்க வேடிக்கையாக இருந்தது.

சம்பவம் நடந்த அன்று மேஜர் டாக்டர் கொட்டகையைப் பார்வையிட வந்திருந்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து, கட்டுத் துணிகளை எண்ணாமல், கத்தரிக்கோலின் முனையை மட்டும் தடவிப் பார்த்தார். "மொட்டையா இருக்கே" என்றார். வள்ளங்கள் வந்துவிட்டன. சங்கும் இறங்கிவிட்டது. சவரிமுத்துவின் வள்ளம் மட்டும் கொஞ்சம் தள்ளி, கழுத்தளவைவிடச் சற்று ஆழத்தில் நின்றுகொண்டிருந்தது. நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டதாம். நாள் முழுக்கக் குளித்துக் களைத்த மனிதர், "நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் கயிறு எதற்கு என்று மற்றவர்கள் கேலி பேசினார்களாம். மிக்கேல் கேட்காமல் கட்டித்தான் அனுப்பினார்.

இழுப்பு வரவில்லை. வரவேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை. மிக்கேல் தானாகவே இழுத்தார். சவரிமுத்து மேலே வந்தபோது தலை தொங்கிவிட்டது.

நான் கூச்சல் கேட்டு ஓடினேன். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு அலையைத் தாண்டி வந்தார்கள். பின்னால் மிக்கேல், கயிறு கையில் சுற்றியபடி. மணலில் போட்டதும் ஒரே நேரத்தில் பத்து வாய் திறந்தது. "தலைக்கு மேல தூக்கிச் சுத்துங்கடே, தண்ணி வெளிய வரட்டும்!" "உப்பு லாரி நிக்கி பாரு, உப்ப அள்ளிப் போட்டு மூடுங்க, உப்பு தண்ணிய இழுத்துரும்!" ஒருத்தன் நிஜமாகவே காலைப் பிடித்துத் தூக்கிவிட்டான். என்ன நடந்ததென்று தெரியாமல் மீன்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த ரோசம்மா, தலைமாட்டில் விழுந்து புருஷன் முகத்தைப் பிடித்து உலுக்கினாள்.

கூட்டத்தை விலக்க வேண்டும். சுவரைப் பார்த்துக் கையை வீசிப் படித்த பாடம். நான் வீசவில்லை. காலைத் தூக்கியவனுக்கு ஓங்கி ஒன்று வைத்தேன். "ஏலே, கீழ போடுதியா இல்லியா! தள்ளுங்க எல்லாரும்!" என்று நான் போட்ட சத்தம் சர்ச்சு கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். கூட்டம் ஒரு முழம் தள்ளியது. அதுவே பெரிசு.

முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஒரு கணம் எனக்குள் இரண்டு வாத்தியார்களும் சண்டை போட்டார்கள். குப்புறவா, மல்லாக்கவா? குப்புறப் போட்டால் ஊராருக்குத் திருப்தி, தண்ணீர் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். மல்லாக்கப் போட்டால் நான் அத்தனை பேர் முன்னால், பெண்டாட்டி தலைமாட்டில் இருக்க, அந்த மனிதர் வாயில் வாய் வைக்க வேண்டும். பின்னால் இருந்து அந்தச் சன்னமான குரல் வந்தது: "அடுத்து, சிஸ்டர்?"

மல்லாக்கத் திருப்பினேன். வாயில் விரல் விட்டு மணலை வழித்தேன். தலையைச் சாய்த்து ஊதினேன். கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. அந்த அமைதி இருக்கிறதே, சத்தத்தைவிட அதுதான் எனக்கு அதிகம் கூசியது. யாரோ ஒரு கிழவர், "இது என்னவே கூத்து" என்றார். ரோசம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். மேஜர் டாக்டர் மடிப்புக் கலையாத கால்சட்டையோடு ஈர மணலில் மண்டியிட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார்.

புத்தகத்தில் அடுத்த வரி: கழுத்து, மார்பு, இடுப்பு ஆகிய இடங்களில் இறுக்கமாக இருப்பவற்றைத் தளர்த்தவும். இடுப்பில் கயிறு இறுகிக் கிடந்தது. நனைந்த முடிச்சை நகத்தால் அசைக்க முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். மிக்கேலின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடுங்க" என்றேன்.

"அறுக்கக் கூடாது சிஸ்டர்."

"அண்ணாச்சி, மூச்சு போகணும், விடுங்க கையை! கயித்தையும் விடுங்க!"

"மாப்பிள இன்னும் கையத் தொடல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. விடுங்க, விடுங்க என்று எத்தனை தடவை கத்தினேனோ. அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் சவரிமுத்து போய்விடுவார். கத்தரிக்கோலை மணலில் எறிந்துவிட்டு மறுபடி ஊதப் போனேன். டாக்டர் அமுக்குவார், நான் ஊதுவேன். டாக்டர் அமுக்குவார், நான் ஊதுவேன். அந்த உதடுகள் உப்புக் கரித்தன, சில்லென்று இருந்தன. மெட்ராசில் எங்களுக்கு ஊதப் பழக்கியதெல்லாம் சுத்தமான கைக்குட்டை விரித்த ரப்பர் முகத்தில். அதில் மனிதனின் தாடி மயிர் கன்னத்தில் குத்தாது. வாயிலிருந்து சோறு வராது. வந்தது. துடைத்துவிட்டு ஊதினேன்.

டாக்டர் கடைசியில் நிறுத்தினார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கண் இமையை விலக்கினார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு, காற்று இரைச்சலில் தலையைக் குனிந்து, குனிந்தபடியே இருந்தார். நான் இன்னொரு தரம் ஊதி நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்து, மிகவும் மெதுவாக, "போதும் சிஸ்டர்" என்றார்.

ரோசம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அவள் கத்தவில்லை. கழுத்தில் கிடந்ததைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் மிக்கேல், "இழுக்கான்!" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். "மாப்பிள இழுக்கான்! கயிறு இழுக்கி!" என்று கூவிக்கொண்டே, யோசிக்காமல், வருஷக்கணக்காகச் செய்த பழக்கத்தில், இரண்டு கையாலும் கயிற்றை மேல்நோக்கி இழுத்துவிட்டார். நடுக்கடலில் என்றால் சரி. இது மணல். சவரிமுத்துவின் இடுப்பு தரையிலிருந்து எழும்பிற்று, தலை பின்னால் தொங்கிற்று, உடம்பு வில்லாக வளைந்தது. "ஐயோ, செய்யாதீங்க!" என்று டாக்டர் அலறினார். அந்த மனிதர் குரல் உயர்ந்து நான் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. நான் பாய்ந்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. நான் மறுபடி ஊதினேன், யார் சொல்லியும் இல்லை. மறுபடி ஒரு விக்கல். மூன்றாவது, மூச்சு.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். மிக்கேலும் ஏறினார், கயிறோடு. ஆஸ்பத்திரி வாசலில் வார்டு சிஸ்டர், "இது என்ன மாட்டுச் சந்தையா, கயித்தப் பிடிச்சிட்டு வாரீரு?" என்று தடுத்தார். நான்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உள்ளே விடச் சொன்னேன். கடற்கரையில் அதே கயிற்றை விடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான். மறுநாள் சவரிமுத்து நன்றாகக் கண் திறந்து, மிக்கேலின் கையைத் தொட்டார். "நங்கூரம் கெடச்சிச்சா மச்சான்?" என்று கேட்டாராம். மிக்கேல் சுற்றை அவிழ்த்தார். உள்ளங்கையில் தோல் உரிந்து ரணமாக இருந்தது. அதற்கு நான் மருந்து போடும்போது, "அண்ணாச்சி, நெசமாவே அன்னைக்கு இழுத்தாரா?" என்று கேட்டேன். "இழுக்காம நான் ஏன் தூக்குதேன்?" என்றார், கேள்வியே புரியாதவர் போல.

நாசரேத்தில் என் அம்மா வரைக்கும் சேதி போய்விட்டது. லீவில் போனபோது, நல்ல காரியம்தான் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாயக் கொப்புளிச்சியா?" என்று கேட்டாள்.

சில நாள் கழித்து மேஜர் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாளிதழ் மடித்தபடி கிடந்தது. "உட்காருங்க சிஸ்டர். கயிறு இழுத்ததுன்னு அந்த ஆள் சொன்னாரே, நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். நான் ஊதிய காற்று நுரையீரலோடு வயிற்றிலும் போயிருக்கும். வயிறு உப்பிக் கயிறு விறைத்திருக்கும். கடைசியாக ஊதிய காற்று திரும்பும்போது கயிறு அசைந்திருக்கும். சவரிமுத்து இழுக்கவில்லை. மிக்கேல் கையில் பட்டது என் காற்றுதான்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். "அப்புறம் அவர் தூக்குனாரே, அது எல்லாத்தையும்விடத் தப்பு. அந்தத் தண்ணி உள்ள போயிருந்தா ஆளு அங்கயே போயிருப்பான். யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது." நாளிதழை இன்னொரு மடிப்பு மடித்தார். "நான் கேட்டப்ப நெஞ்சு ஓடல சிஸ்டர். இல்ல, காத்துல எனக்குக் கேக்கலையோ என்னமோ. நான் போதும்னேன். நீங்களும் ஊதுறத நிறுத்திட்டீங்க. அது சரியான முறைதான். அந்த ஆளு தப்பா நெனச்சு, தப்பா ஒரு காரியம் செஞ்சாரு. சவரிமுத்து வீட்ல சோறு தின்னுட்டு இருக்கான்." என்னை நேராகப் பார்த்தார். "அடுத்து?"

அத்தனை வருஷத்தில் அவர் பதில் தெரியாமல் கேட்ட 'அடுத்து' அது ஒன்றுதான். இருவரும் டீ குடித்தோம்.

அதன்பிறகு எத்தனையோ பேருக்கு ஊதியிருக்கிறேன். ஒருமுறை தோணியிலிருந்து விழுந்த ஒருவருக்கு, டாக்டர் நிறுத்தச் சொல்லியும், விழுந்தவரின் தம்பி பக்கத்தில் நின்று "அசையுதான் சிஸ்டர், அசையுதான்" என்று சொன்னதை நம்பி, என் இடுப்பு ஒடிய ஊதினேன். அவர் அசையவில்லை. அந்தத் தம்பி என் மேல்தான் கோபப்பட்டான். அப்போது நான் என்ன பாடம் படிக்க வேண்டும்? சொந்தக்காரர் சொன்னால் நம்பு என்றா, நம்பாதே என்றா? சவரிமுத்துவைப் பிழைக்க வைத்தது டாக்டர் கையா, என் மூச்சா, மிக்கேல் செய்த தப்பா? யாராவது பொம்மையில் இதற்கொரு விளக்கு வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். எழுபதுகளின் கடைசியில் சவரிமுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அப்போது வார்டுக்கு மாறியிருந்தேன். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கல்லீரல் கெட்டுவிட்டது. குளிப்பை விட்டு நாளாகியிருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை. ஊசி போடப் போனால், "அன்னைக்கு ஓசியில ஊதினிய, இன்னைக்கு ஊசியில குத்துதிய" என்பார். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மிக்கேல் தினமும் வந்து கட்டில் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்குக் காலையில் நான் போனபோது டியூட்டி டாக்டர், சின்னப் பையன், பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இந்தத் தடவை குழப்பம் ஒன்றுமில்லை. நானும் தொட்டுப் பார்த்தேன். முடிந்துதான் போயிருந்தது. முகத்தை மூடப் போர்வையை இழுத்தேன். வரவில்லை. கீழே பார்த்தேன். போர்வையின் ஓரத்தை மிக்கேல் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், விடட்டுமா?" என்று கேட்டார்.

கடற்கரையில் விடுங்க விடுங்க என்று கத்தினேனே, அந்த ஒரு வார்த்தை இப்போது வாயில் வரவில்லை. படித்தவள், பார்த்தவள், தொட்டு உறுதி செய்தவள். 'ஆமாம், விடுங்க' என்று சொல்ல வேண்டியதுதான். போர்வையின் மறு ஓரத்தைப் பிடித்தபடி நின்றேன். அவரும் விடவில்லை. அடுத்த கட்டில்காரர்களெல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்றிருந்த ரோசம்மா உள்ளே வந்தாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கத்தில் போய், அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துத் தொட்டாள்.

"விட்டுரு அண்ணே" என்றாள். "எனக்காகத்தான பிடிச்சே. நான் சொல்லுதேன், விடு."

மிக்கேல் ஒரு சுற்றை அவிழ்த்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சுற்றை அவிழ்த்தார். அதற்கப்புறம்தான் நான் முகத்தை மூடினேன்.